"இதை நிறுத்த முடியாதும்மா"

கேம்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிராபிக்ஸ், கதை, சண்டை என்று பிரித்துப் பிரித்து மார்க் போடுவார்கள். நான் இத்தனை வருஷமாக விளையாடிக் கண்ட அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். நடுவில் வீட்டில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போக விடுகிறதா, இல்லையா?

இது ஒன்றும் பேராசை இல்லை. 1976-ல் வந்த ஃபேர்சைல்ட் சேனல் எஃப் கன்சோலிலேயே ஆட்டத்தை நிறுத்தி வைக்க 'ஹோல்ட்' என்று தனியாக ஒரு பட்டன் இருந்தது. மாரியோ பிறப்பதற்கு முன்பே, வீடு என்றால் கூப்பிடுவார்கள் என்ற உண்மை யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தெரிந்திருக்கிறது.

1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் நிறுத்தி வைக்கலாம், ஆனால் சேவ் கிடையாது. எட்டு உலகம், 32 கட்டம், கன்சோலை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் ஏழாவது உலகம் வரை வந்துவிட்ட இரவுகளில் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, டிவியை மட்டும் அணைத்துவிட்டு, சுவிட்சின் மேல் "தொடாதே" என்று ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் படுப்பேன். அந்த கேமின் கடைசி வில்லன் பவுசர் என்று சொல்வார்கள். இல்லை, படுக்கப் போகும் முன் வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு சுவிட்சாக அணைக்கும் அப்பாதான். காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் அணைத்தாராம். "யாருமே பார்க்காத டிவிக்கு எதுக்கு கரண்ட்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா இன்னும் கறார். இளவரசியைக் காப்பாற்ற அறுபதே நிமிடம் கெடு, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனாலும் எஸ்கேப் அழுத்தினால் கடிகாரமும் நின்றுவிடும். கெடு வைத்த ஜாஃபருக்கே அந்தப் பெருந்தன்மை இருந்தது! ரெசிடென்ட் ஈவிலில் சேவ் செய்ய டைப்ரைட்டரைத் தேடிப் போகவேண்டும், கையில் மை ரிப்பனும் வேண்டும். பிணங்கள் எழுந்து நடமாடும் மாளிகையில் மனுஷன் ஸ்டேஷனரி தேடி அலைகிறான்.

இன்னொரு அவஸ்தை, நடுவில் படம் மாதிரி ஓடும் காட்சிகள். கதையின் முக்கியமான ரகசியம் உடையப்போகிற அந்த நேரம் பார்த்து காலிங் பெல் அடிக்கும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் காட்சி நிற்குமா, இல்லை மொத்தமாகத் தாண்டிப் போய்விடுமா? ஒவ்வொரு கேமிலும் ஒவ்வொரு சட்டம். கட்டைவிரலை பட்டன் மேல் வைத்துக்கொண்டு வாசலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்ததில் கொலை செய்தது யார் என்று எனக்குத் தெரியாமலே போன கதைகள் உண்டு.

அப்புறம் ஆன்லைன் காலம் வந்தது, பப்ஜி வந்தது. ஒரு தீவு, நூறு பேர், சுருங்கிக்கொண்டே வரும் வட்டம். வட்டத்துக்கு வெளியே நின்றால் உயிர் கரையும், கடைசிவரை உயிரோடு நிற்பவனுக்கே வெற்றி. ஒரு நாள் ஒரு வீட்டின் குளியலறையில் படுத்துக்கொண்டு, கதவைக் குறிபார்த்தபடி மூச்சுக்கூட விடாமல் இருக்கிறேன். பின்னாலிருந்து அம்மா.

"டேய், தூறல் விழுது, கொடியில துணி கிடக்கு."

"ஒரு நிமிஷம்மா."

"அதை நிறுத்தி வச்சிட்டு வா."

"இதை நிறுத்த முடியாதும்மா."

"ஏன், பட்டன் உடைஞ்சிடுச்சா?"

நூறு பேர் ஒரே நேரத்தில் விளையாடுகிறார்கள், நான் நின்றால் அவர்கள் நிற்க மாட்டார்கள் என்று முடிந்தவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க வீட்ல எல்லாம் துணியே துவைக்க மாட்டாங்களா?" என்றார். வேறு வழியில்லை, குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவன் படுத்தபடி கிடக்க, நான் ஓடிப்போய் கிளிப்போடு சேர்த்துத் துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் வட்டம் நகர்ந்து, ஒரு ஆள் சுடாமல் தானாகவே செத்திருந்தேன். இதில் கடுப்பு என்னவென்றால், உயிரைக் கொடுத்துச் சண்டை போட்ட நாட்களில் கிடைத்த ரேங்க்கைவிட துணி எடுக்கப் போன அன்று கிடைத்த ரேங்க் எவ்வளவோ மேல்.

ஆன்லைனில் இரண்டு அணிகள் மோதும் டோட்டா 2-ல் நிறுத்தும் வசதி உண்டு. ஆனால் நாம் நிறுத்தியதை எதிரணிக்காரனே எடுத்துவிடலாம், எடுத்தும் விடுவான். இது வசதியா வயிற்றெரிச்சலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆன்லைன் என்றால் சரி, தொலையட்டும். டார்க் சோல்ஸை இணைய இணைப்பே இல்லாமல் தனியாக உட்கார்ந்து விளையாடினாலும் நிறுத்த முடியாது. மெனுவைத் திறந்தால் மெனுவுக்குப் பின்னால் நம்மை வெட்டிக்கொண்டிருப்பார்கள். அதைத்தான் அதன் ரசிகர்கள் கலை என்கிறார்கள், நானும் ரசிகன்தான், ஆனால் போன் அடிக்கும்போது யாருக்கும் கலை ஞாபகம் வராது. அதே நிறுவனம் செய்த செகிரோவில் ஒழுங்காக நிறுத்தலாம், ஆகவே முடியாமல் இல்லை, மனசு இல்லை. எல்டன் ரிங்கில் மெனுவுக்குள் இருக்கும் உதவிக் குறிப்பைத் திறந்து வைத்தால் ஆட்டம் நிற்கிறது என்று ஆட்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் குறிப்பை யாராவது படிப்பதற்காகத் திறந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

கேண்டி கிரஷ் நேர் எதிர். ஐந்து உயிர் தீர்ந்தால் அதுவே வெளியே அனுப்பிவிடும், ஒரு உயிர் திரும்ப வர அரை மணி நேரம். வீட்டுக்காரர்கள் கோணத்தில் பார்த்தால் உலகின் தலைசிறந்த கேம் இதுதான். எனக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை.

இப்போது ஓடுவது ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்பவர் தனி ஆளாகச் செய்து 2016-ல் வெளியிட்ட விவசாய கேம், மனசுக்கு இதம் என்று எல்லோரும் சொல்வார்கள். இதம்தான். ஆனால் நாயகன் இரவில் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும், நடுவில் மூடினால் அன்றைய உழைப்பு போச்சு. நேற்று அம்மாவுக்கு ஏதோ பிரிண்ட் எடுக்க லேப்டாப் வேண்டியிருந்தது. இந்தமுறை நிறுத்தச் சொல்லவில்லை, அனுபவம் பேசுகிறது.

"உள்ள இப்ப மணி என்ன?"

"சாயங்காலம் ஆறு."

"அப்ப அந்தப் பையனைப் படுக்க வச்சிட்டுக் குடு."

பாதி வயலுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அதனால் செடி சாகாது, ஒரு நாள் வளராது, அவ்வளவுதான். படுக்க வைத்துவிட்டு லேப்டாப்பைக் கொடுத்தேன். பிரிண்டரில் மை இல்லை.