180 வெள்ளியும் நூலகக் கதவும்

காசு போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுதான் இன்னும் எரிகிறது.

போன வருடம் ஒரு ராத்திரி, மணி பதினொன்றரை இருக்கும். என் ஆய்வு மேற்பார்வையாளருக்கு இரண்டு நாளில் அத்தியாயம் அனுப்பியாக வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று கூகுளில் மாட்டியது. பதிப்பாளரின் தளம் முதல் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, மீதிக்கு 39 டாலர் கட்டு என்றது. தூக்கக் கலக்கம், அவசரம், கூடவே கொஞ்சம் திமிர். கார்டு எண்ணைத் தட்டிவிட்டேன். வங்கிக் கணக்கில் பார்த்தால் 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கமாகக் கழிந்திருந்தது.

அடுத்த வாரம் மேற்பார்வையாளரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "காசு கொடுத்தா வாங்குனீங்க டீச்சர்? நம்ம லைப்ரரியிலயே இருக்கே" என்றார். அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கோலாலம்பூர் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாக முதுகலை ஆய்வு செய்கிறேன். என்னைப் போல ஊரில் உட்கார்ந்துகொண்டு, பால்மரக்காட்டுக்கும் செம்பனைக்கும் நடுவில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இதுதான் விஷயம். பதிப்பாளரின் தளத்துக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். வளாகத்துக்குள் இருந்தால் அங்குள்ள இணைய முகவரியைப் பார்த்துத் தானாகக் கதவைத் திறந்துவிடும். வீட்டிலிருந்து நேராகக் கூகுள் வழியாகப் போனால் நீங்கள் வழிப்போக்கர், காசைக் கேட்கும். நூலகப் பக்கத்துக்குப் போய், மாணவர் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டு, அங்குள்ள தரவுத்தளப் பட்டியலிலிருந்து உள்ளே நுழைந்தால் அதே கட்டுரை இலவசம். பல நூலகங்கள் இதற்கு ஈஸிபிராக்ஸி என்ற மென்பொருளை வைத்திருக்கின்றன. சரியான வழியில் வந்தீர்களா என்று முகவரிப் பட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஆய்விதழ்களின் தரவுத்தளமான ஜேஸ்டோரின் முகவரியில் இருக்க வேண்டிய புள்ளிகள் எல்லாம் சிறு கோடுகளாக மாறி, பின்னால் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் வால் போல ஒட்டியிருக்கும். வால் இல்லையென்றால் கார்டைத் தொடாதீர்கள்.

ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரின் அமைப்புகளில் 'நூலக இணைப்புகள்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் உங்கள் நூலகத்தைச் சேர்த்துவிட்டால், தேடும்போதே நூலக வழியும் பக்கத்தில் வந்து நிற்கும். ஐந்து நூலகங்கள் வரை சேர்க்கலாம். இதைச் செய்ய எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. தெரிந்துகொள்ளத்தான் ஒன்றரை வருடம்.

சரி, வாசல் தெரிந்துவிட்டது, இனி கவலையில்லை என்று இருந்தேன். மூன்றாவது செமெஸ்டர் தொடக்கத்தில் ஒரு நாள் உள்ளே நுழையப் போனால் 'கணக்கு செயலில் இல்லை' என்று வந்தது. நூலகத்துக்குப் போன் அடித்தேன். ஒருவர் எடுத்து இன்னொருவருக்கு மாற்றினார், அவர் மூன்றாமவருக்கு. மூன்றாமவர், "மெட்ரிக் கார்டோடு கவுண்டருக்கு வாங்க புவான்" என்று சொல்லி வைத்துவிட்டார். மெட்ரிக் கார்டு என்றால் மாணவர் அட்டை.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். அங்கேதான் தப்பு. விடியற்காலையில் ஈப்போவில் இரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வளாகத்தில் வழி மாறி நடந்து, கவுண்டர் முன்னால் நின்றபோது மணி பன்னிரண்டு பத்து. உள்ளே இருந்த தம்பி எண் அட்டைகளை அடுக்கி ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக 12.15 முதல் 2.45 வரை கவுண்டர் கிடையாது. அரசுப்பள்ளியில் வேலை செய்கிற எனக்கு இது தெரியாதா என்ன? தெரியும். டிக்கெட் எடுக்கும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இரண்டரை மணி நேரம் கேன்டீனில் உட்கார்ந்து, இரண்டு கிளாஸ் தே ஓ குடித்தேன்.

மூன்று மணிக்கு என் முறை வந்தது. தம்பி திரையை இப்படி அப்படித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க பிரச்சினை இல்ல காக். பட்டமேற்படிப்பு அலுவலகத்துல உங்க பேரு ஆக்டிவ் இல்ல. அங்க சரியானா இங்க தானா சரியாயிடும்." அந்த அலுவலகம் வேறு கட்டடத்தில், மேட்டில். அங்கே போனால், 35 வெள்ளி பாக்கியாம். ஏதோ மாணவர் நலக் கட்டணம். அதைக் கட்டாததால் செமெஸ்டர் பதிவு உறுதியாகவில்லை. பதிவு உறுதியாகாததால் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு நூலகம் கதவைத் திறக்காது.

அந்த அலுவலகத்தில் இருந்த அம்மா முன்னாலேயே கைப்பேசியில் 35 வெள்ளியைக் கட்டினேன். சுங்கை சிப்புட்டில் என் அடுப்பங்கரையில் நின்றுகொண்டே கட்டியிருக்கலாம். "மூணு வேலை நாள் ஆகும்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். வீடு வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. இரயிலுக்கும் டாக்சிக்கும் ஆன செலவு கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

ஆகவே, கணக்கு பூட்டிக்கொண்டால் நூலகத்தைத் திட்டுவதற்கு முன்னால் கட்டணப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு செமெஸ்டருக்கு நடுவே இருக்கும் அந்த ஒன்றிரண்டு வாரம்தான் பொல்லாதது. படிக்க வேண்டியதை அதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கதை இன்னும் முடியவில்லை. கணக்கு உயிர் பெற்றபோது கடவுச்சொல் காலாவதியாகிவிட்டிருந்தது. புதியது வேண்டுமென்றால் ஒரு குறியீட்டு எண் அனுப்புவார்கள். எதற்கு? மாணவர் மின்னஞ்சலுக்கு. மாணவர் மின்னஞ்சலைத் திறக்க எந்தக் கடவுச்சொல்? அதே காலாவதியான கடவுச்சொல்! சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. இந்த முறை இரயில் ஏறவில்லை. நூலகப் பக்கத்தின் மூலையில் சின்னதாக ஓர் உரையாடல் பெட்டி இருந்தது. அதில் மலாயில் நாலு வரி தட்டினேன். எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும்தான். தொட்டி மேல் மடிக்கணினி, ஈரம் படாமல் இருக்க அடியில் ஒரு மைலோ டின் மூடி. பத்து நிமிடத்தில் ஒரு நூலகர் பதில் போட்டார். மெட்ரிக் கார்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார், என் சொந்த மின்னஞ்சலை மாற்று முகவரியாகப் பதிந்துகொண்டார், முடிந்தது. கவுண்டரில் ஒரு நாள் முழுக்க நடக்காதது தொட்டியோரத்தில் அரை மணியில் நடந்தது. அந்த நூலகர் அம்மா நன்றாயிருக்கட்டும். எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே மாற்று மின்னஞ்சலைப் பதிந்து வையுங்கள்.

அடுத்தது என் சொந்தக் குற்றம். மறுபடியும் கதவு சாத்திக்கொள்ளுமோ என்ற பயத்தில், இருக்கும்போதே எல்லாவற்றையும் அள்ளிவிட நினைத்தேன். அண்ணன் மகன் கணினிப் பையன். "அத்தை, ஒவ்வொண்ணா ஏன் தட்டுறீங்க?" என்று உலாவியில் ஏதோ ஒன்றைப் பொருத்திவிட்டான். பிடிஎஃப்கள் சரசரவென்று இறங்கின. அறுபது எழுபது இறங்கியிருக்கும், திரை நின்றது. அளவுக்கு மீறிய பதிவிறக்கம் என்று அந்த நிறுவனம் தடுத்துவிட்டது, என்னை மட்டுமல்ல. நூலகத்தின் வாசல் வழியாகப் போகிற எல்லோருமே அவர்கள் கண்ணுக்கு ஒரே முகவரி என்பதால், மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தத் தரவுத்தளம் இரண்டு நாள் அடைத்துக்கொண்டது. உரையாடல் பெட்டியில் உதவிய அதே நூலகரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மிக மரியாதையான மின்னஞ்சல். அதுதான் கூடுதலாகச் சுட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளிடம் எத்தனை மன்னிப்புக் கடிதம் வாங்கியிருப்பேன்!

இனி நல்ல பகுதி.

தேடல் தொடங்கிய புதிதில் எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. முதல் அரை நாள் ஸ்கோபஸில் போனது. அதில் கட்டுரையின் சுருக்கமும், யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்பதும்தான் இருக்கும். முழுக் கட்டுரையைப் படிக்க வேறு வாசலுக்குத்தான் போக வேண்டும். அது அட்டவணை, அலமாரி அல்ல. பிறகு ஜேஸ்டோரில் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டேன். பழைய காலத்துக் கட்டுரை ஒன்றிரண்டுதான் வந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவின் அவசரகாலப் பிரகடனத்துக்கு வழிவிட்ட ஊர் இது. இதைப் பற்றி எழுதாமலா இருந்திருப்பார்கள்?

எழுதியிருந்தார்கள். எழுத்துதான் வேறு. 1972இல் மலாய் எழுத்துமுறை மாறுவதற்கு முன்பு ஆங்கில எழுத்தில் 'சுங்கை' என்பதன் கடைசியில் 'இ, ஐ' (ei) போட்டார்கள். இப்போது 'ஏ, ஐ' (ai). ஓர் எழுத்து வித்தியாசம். பழைய எழுத்தில், இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன், கொட்டியது. கங்காணியும் அப்படித்தான்: சிலர் கடைசியில் 'ஒய்' போட்டார்கள், சிலர் 'ஐ'. அந்த எழுத்துக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் இரண்டும் வரும். 'தமிழ்ப்பள்ளி' என்று மட்டும் தேடாதீர்கள். அந்தக் காலத்து அறிக்கைகளில் 'வட்டாரமொழிப் பள்ளி' என்றும் இருக்கும், 'தோட்டப் பள்ளி' என்றும் இருக்கும். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தைப் பற்றியவை எனக்கு 'தொழிலாளர்' என்ற சொல்லில்தான் அகப்பட்டன, 'கல்வி' என்ற சொல்லில் அல்ல. பள்ளியைத் தேடுகிறவள் கூலிக்கணக்குக்குள் போய்த் தேட வேண்டியிருந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியே வாத்தியாராகவும் இருந்த காலம்தானே.

இன்னொரு பொறி. ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் நம் நாட்டுக் கிளை இதழுக்கு மூன்று பெயர்கள். 1878இலிருந்து நீரிணைக் கிளை, 1923இலிருந்து மலாயாக் கிளை, 1964இலிருந்து மலேசியக் கிளை. இப்போதைய பெயரில் திறந்து, 1964க்கு முன்னால் ஒன்றுமில்லை என்று மூடிவிடாதீர்கள். நான் மூடினேன்.

நாளிதழ்களுக்கு நூலகக் கணக்குகூட வேண்டாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் பழைய இதழ்களை யாரும் படிக்கலாம். இயந்திரம் படித்த எழுத்து என்பதால் பிழைகள் உண்டு. எங்கள் ஊரின் 'சிப்புட்' பல இடங்களில் சின்னாபின்னமாகியிருக்கிறது. ஊர்ப் பெயரில் கிடைக்காவிட்டால் தோட்டத்தின் பெயரில் தேடுங்கள். அப்படித் தேடித்தான் என் பாட்டி பால் வெட்டிய தோட்டத்தின் பெயரை, ரப்பர் கம்பெனிகளின் மாத உற்பத்திப் பட்டியலில், பவுண்டு கணக்குக்குப் பக்கத்தில் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கமே நின்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளுங்க பேரு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் என்னத்த" என்று அரிசி களையப் போய்விட்டார்.

ஜேஸ்டோரிலும் இலவசமாகச் சொந்தக் கணக்கு தொடங்கலாம். மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், பதிவிறக்கத்தான் முடியாது. பெயர் பட்டியலிலிருந்து விழுந்த அந்த வாரங்களில் எனக்குக் கஞ்சி ஊற்றியது இதுதான். முகவரிப் பட்டையிலிருந்து வால் ஒட்டிய முகவரியை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பாதீர்கள், அவருக்குத் திறக்காது. கட்டுரையிலேயே நிலையான இணைப்பு என்று ஒன்று இருக்கும், அதை அனுப்புங்கள். என் நூலகத்தில் இரண்டு மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடும், எடுத்த குறிப்பை உடனுக்குடன் சேமித்து வைக்கவும்.

அந்த 180 வெள்ளி என்னாயிற்று என்று கேட்பீர்கள். ஆய்வுச் செலவுக்கு ஒரு சிறு தொகை உண்டு என்று கேள்விப்பட்டு, ரசீதை இணைத்துப் பாரம் நிரப்பி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. காரணம் எழுதும் கட்டத்தில் நீல மையில் ஒரே வரி: நூலகத்தில் ஏற்கெனவே உள்ளது.