மூன்று வயதிலேயே போய்விடுகிறார்கள்

எங்களுடையது கரிசல்காட்டு ஊர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நானும் தலைமை ஆசிரியரும்தான். ஆண்டுதோறும் துண்டறிக்கையோடு தெருத்தெருவாகப் போய்ச் சேர்க்கை கேட்கிறோம். நாங்கள் தேடும் ஐந்து வயதுப் பிள்ளை அதற்குள் எங்கோ யுகேஜி முடித்திருக்கும்.

நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாய் இடுப்பில் மகனோடு வந்தார். "எல்கேஜி இருக்கா சார்?"

"இப்ப அங்கன்வாடிக்கு விடுங்கம்மா, அஞ்சு வயசுல நாங்க சேத்துக்கிறோம்."

"பக்கத்து வீட்டுப் புள்ள டை கட்டி வேன்ல போவுது சார். இவன் அதப் பாத்துட்டே நிக்கிறான்."

அந்தப் பையன் எங்களிடம் வரவே இல்லை. அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அரசு எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. ஐந்தாம் வகுப்போடு முடியும் எங்கள் பள்ளிக்கு அது வரவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டிலோ தனியார் பள்ளி எல்கேஜியிலேயே இடம் கிடைக்கிறது; கட்டணம் அரசுடையது. ஏழைப் பிள்ளைக்குக் கிடைப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதே வயதில் எங்கள் கதவு பூட்டியிருப்பதுதான் உறுத்துகிறது.

பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் படிப்பும் அடிவாங்கும். அறுபது பிள்ளைகள் வரை விதிப்படி இரண்டே ஆசிரியர்கள்; வகுப்புகளோ ஐந்து. தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்தும் என் தலையில். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார வைக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் நிலையான அரும்பில் இருந்தான். 'மரம்' என்று எழுத்துக்கூட்டி முடித்ததும் நிமிர்ந்து என்னைத் தேடினான். நான் அந்நேரம் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் போட்டுக்கொண்டிருந்தேன். மதிப்பீட்டுத் தாளில் இதெல்லாம் ஏறாது.

கொரோனாவில் வருமானம் போன வீட்டுப் பிள்ளைகள் 2021-இல் தனியார் பள்ளியிலிருந்து எங்களிடம் வந்தார்கள். நிலைமை சீரானதும் சிலர் திரும்பிப் போனார்கள். 2023 ஆகஸ்டில் காலை உணவு எங்களுக்கும் வந்தது. வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் தலை சாய்ப்பவர்கள் இப்போது இல்லை. வந்த பிள்ளையை அது நிறுத்தி வைக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையை அழைத்துவர வகுப்புதான் வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் எல்கேஜி கேட்டுத் தீர்மானம் போட்டிருக்கிறோம். அங்கன்வாடி எங்கள் சுற்றுச்சுவருக்குள்ளேயே இருக்கிறது. ஓர் ஆசிரியரைக் கொடுத்தால் போதும், அறை தயார்.