24 சதவீதம் போக மிச்சம்: அமெரிக்க எரிசக்தி லாபியிஸ்ட்டின் வேலை

லாபியிஸ்ட் என்பவர் ஒரு நிறுவனத்துக்காகச் சட்டமியற்றுபவர்களிடமும் அதிகாரிகளிடமும் பேசிக் காரியம் சாதிப்பவர். அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அவருக்கு உள்ளே ஆள் தெரியும்." அது பொய்யில்லை. அமெரிக்க செனட்டர்களிடம் வேலை பார்த்துவிட்டு லாபியிங்குக்குப் போனவர்களின் வருமானத்தை, 2012-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வந்த ஆய்வு ஒன்று அலசியது. பழைய செனட்டர் பதவியை விட்டதும் அவர்கள் ஈட்டித்தரும் வருமானம் 24 சதவீதம் சரிந்திருந்தது. ஆள் போனால் கால்வாசி போகிறது, சரி. மிச்சம் முக்கால்வாசி ஏன் போகவில்லை? எரிசக்தித் துறையைப் பொறுத்தவரை, சட்டத்தில் எந்த வாக்கியம் எங்கே கிடக்கிறது, அதை எந்த வாரம் வரை மாற்றலாம் என்று தெரிந்திருப்பதுதான் காரணம்.

இதைக் கற்கும் படிக்கட்டு பெரும்பாலோருக்கும் ஒன்றே. உறுப்பினர் அலுவலகத்தில் ஸ்டாஃப் அசிஸ்டென்ட் தொலைபேசி எடுப்பார். லெஜிஸ்லேட்டிவ் கரஸ்பாண்டன்ட் தொகுதி மக்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவார். அடுத்த படியான லெஜிஸ்லேட்டிவ் அசிஸ்டென்ட்டின் தலையில், பிரதிநிதிகள் சபை அலுவலகம் என்றால், எரிசக்தியோடு விவசாயம், போக்குவரத்து என்று நாலைந்து துறைகள் விழும். எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களிப்பது என்று சொல்லும் அளவுக்குத்தான் அங்கே நேரம் இருக்கும். சட்டத்தை எழுதும் வேலை, துறைவாரியாக மசோதாக்களை அலசும் கமிட்டிகளின் ஊழியர்களிடம் நடக்கிறது. எரிசக்தியைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர் உறுப்பினர் அலுவலகத்திலிருந்து கமிட்டிக்கு மாறியே ஆகவேண்டும் என்பது என் கருத்து. ஒரு நிபந்தனை ஏன் "அல்லது" என்று இல்லாமல் "மற்றும்" என்று இருக்கிறது என்பதற்கான சண்டையை அங்கேதான் பார்க்க முடியும்.

எந்தக் கமிட்டி என்பதில் புதியவர்கள் தவறுகிறார்கள். செனட்டில் எரிசக்தி, இயற்கை வளக் கமிட்டி. கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபையில் எரிசக்தி, வணிகக் கமிட்டி. பெயரைப் பார்த்தால் எல்லாம் இங்கேதான் என்று தோன்றும். பணமோ வேறு அறைகளில் இருக்கிறது. சூரிய மின்சாரம், காற்றாலை, கார்பன் சேமிப்பு, ஹைட்ரஜன் ஆகியவற்றின் பெரிய ஆதரவெல்லாம் வரிச் சட்டத்தில். அது செனட் நிதிக் கமிட்டிக்கும் கீழ்ச்சபையின் வேஸ் அண்ட் மீன்ஸ் கமிட்டிக்கும் சொந்தம். எரிசக்தித் துறையின் ஆண்டு ஒதுக்கீடு 'எரிசக்தி, நீர்' துணைக் கமிட்டியின் கையில். அரசு நிலத்தில் குழாய் போடுவதற்குக் கீழ்ச்சபையில் வேறொரு கமிட்டி. தவறான கமிட்டி ஊழியரிடம் நல்ல கோரிக்கையைக் கொடுத்தால் அவர் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார், அதோடு முடிந்தது.

2025 கோடையை எடுத்துக்கொள்வோம். 2022-இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் வரிச்சலுகைகளை வெட்டும் மசோதா மே 22 அன்று கீழ்ச்சபையில் 215-க்கு 214 என்று நிறைவேறியது. காற்றாலை, சூரியத் திட்டங்களுக்கு அது வைத்த நிபந்தனை: சட்டமான 60 நாளுக்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும், 2028 முடிவதற்குள் மின்சாரமும் வர வேண்டும். இரண்டும் சேர்ந்தே. செனட் ஜூன் கடைசியில் வெளியிட்ட வாசகத்தில் கட்டுமானத் தொடக்கம் என்ற பேச்சே இல்லை. 2027 முடிவதற்குள் இயங்க வேண்டும். கூடவே அந்தத் திட்டங்கள் மீது புதிதாக ஒரு கலால் வரியும் முளைத்திருந்தது. மூன்று நாளில் கலால் வரி காணாமல் போனது. "சட்டமான 12 மாதத்துக்குள் கட்டுமானம் தொடங்கினால் 2027 கெடு பொருந்தாது" என்ற விதிவிலக்கு உள்ளே வந்தது. ஜூலை 1 அன்று செனட்டில் 51-க்கு 50, ஜூலை 4 அன்று கையெழுத்து. பல கோடி டாலர் திட்டங்களின் தலையெழுத்து ஒரு விதிவிலக்கு வாக்கியத்தில் மாறியது. அந்த மூன்று நாளில் புதிதாக அறிமுகம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு வேலை இல்லை. மாற்று வாசகத்தை முன்பே எழுதி, அதனால் கருவூலத்துக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கையும் தயாராக வைத்திருந்தவர்களுக்குத்தான் வேலை.

கையெழுத்தோடு கடையை மூடிக்கொண்டு போனவர்கள் ஆகஸ்டில் மாட்டினார்கள். "கட்டுமானம் தொடங்கியது" என்றால் என்ன? அதைச் சொல்ல வேண்டியது கருவூலத் துறை. மொத்தச் செலவில் 5 சதவீதத்தைச் செலவழித்துவிட்டால் தொடங்கியதாகக் கொள்ளலாம் என்ற பழைய வழியை ஆகஸ்ட் 15 அன்று வந்த அறிவிப்பு எடுத்துவிட்டது, 1.5 மெகாவாட்டுக்கு மேற்படாத சிறு சூரியத் திட்டங்களுக்கு மட்டும் விட்டுவைத்தது. மற்றவர்கள் நிஜமாகவே வேலையைத் தொடங்கிக் காட்ட வேண்டும். அஸ்திவாரம் தோண்டுவது கணக்கில் வரும். நில அளவையும் புதர் வெட்டுவதும் வராது. வாக்கெடுப்பில் வென்றதை விளக்கக் குறிப்பில் இழக்கலாம் என்பதால், சட்டம் நிறைவேறிய மறுநாளே லாபியிஸ்ட்டின் நாட்காட்டி கருவூலத் துறைக்கு மாறிவிட வேண்டும்.

காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தை, விட்டு வெளியேறுபவருக்கு இந்தக் கருவூல வேலை வேறு வகையிலும் கைகொடுக்கும். மூத்த ஊழியருக்கு, அதாவது கடைசி ஓராண்டில் குறைந்தது 60 நாளாவது சட்டம் சொல்லும் சம்பள வரம்பைத் தொட்டவருக்கு, லாபியிங் செய்ய ஓராண்டுத் தடை உண்டு. கீழ்ச்சபையில் அது அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்கோ கமிட்டிக்கோ மட்டும். 2007 திருத்தத்துக்குப் பிறகு செனட்டில் முழு செனட்டுக்கும். இந்தத் தடை நிர்வாகத் துறைகளைத் தொடாததால், முதல் ஆண்டைப் பலர் கருவூலத்திலும் எரிசக்தித் துறையிலும் ஓட்டுகிறார்கள். திரைக்குப் பின்னால் இருந்து சக ஊழியருக்கு யோசனை சொல்லலாம். தானே பழைய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து ஒரு வாக்கைக் கேட்டால் குற்றம். இதற்கும் முன்னால் ஒரு கண்ணி இருக்கிறது: மூத்த ஊழியர் வேலை பேசத் தொடங்கிய மூன்று அலுவல் நாளுக்குள் நெறிமுறைக் கமிட்டிக்கு அறிவிக்க வேண்டும். நியமனக் கடிதம் வரட்டும் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும்.

லாபியிஸ்ட்டாகப் பதிவு செய்வது அலுப்பான வேலை, தவறுவது சுலபம். ஒரு வாடிக்கையாளருக்காக ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்பு, மூன்று மாத வேலை நேரத்தில் 20 சதவீதம் லாபியிங், இரண்டும் சேர்ந்தால் அவர் லாபியிஸ்ட். 45 நாளுக்குள் பதிவுக்கான எல்டி-1 படிவம். பிறகு காலாண்டு முடிந்து 20 நாளுக்குள் வேலை அறிக்கையான எல்டி-2. ஜனவரி 30, ஜூலை 30 கெடுவோடு நன்கொடை அறிக்கையான எல்டி-203. அரசியல் நன்கொடை ஒரு டாலர்கூடத் தரவில்லையே என்று கடைசிப் படிவத்தை விட்டுவிடுவார்கள். தரவில்லை என்பதையும் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். வரிச்சலுகைக்காக அலைந்துவிட்டு எல்டி-2-இல் எரிசக்திக் குறியீட்டை மட்டும் போட்டு வரிக் குறியீட்டை மறப்பது அடுத்த பிழை. 20 சதவீதத்துக்குக் கீழே நின்றுகொண்டு "வியூக ஆலோசகர்" என்று அட்டை அடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சட்டப்படி சரிதான், மரியாதைக்குரியது என்று சொல்ல மாட்டேன்.

எஃப்இஆர்சி எனப்படும் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தில் காங்கிரஸ் பழக்கம் செல்லாது. ஐந்து ஆணையர்கள், ஐந்தாண்டுப் பதவிக்காலம். எதிர்ப்பு பதிவான வழக்கு நடக்கும்போது ஆணையரைத் தனியே பார்த்து அதைப் பேசுவது விதிமீறல். பேச வேண்டியதைக் கோப்பில் எழுத்தாகத் தாக்கல் செய்ய வேண்டும்.

இனி காங்கிரஸ் ஊழியரோடு நடக்கும் சந்திப்பு. பெரும்பாலும் அரை மணி நேரம். எதிரே இருப்பவருக்கு அன்று அது ஆறாவது சந்திப்பாக இருக்கலாம். ஒரே பக்கக் குறிப்பு போதும். முதல் பத்தியிலேயே கோரிக்கை வர வேண்டும்: எந்தப் பிரிவு, எந்தச் சொல், என்ன மாற்றம். அந்தத் தொகுதியில் எத்தனை மெகாவாட், எத்தனை வேலை என்ற எண் அதற்குப் பிறகு. நிறுவனத்தின் வரலாறு வேண்டவே வேண்டாம். யார் எதிர்க்கிறார்கள், அவர்கள் வாதத்தில் எது நியாயம் என்பதையும் கேட்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அன்று மாலையே எதிர்த்தரப்பிடமிருந்து ஊழியருக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை அழைத்தால் எடுக்க மாட்டார். சந்திப்பு முடிந்த அன்றே திருத்த வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், பிடிஎஃப் ஆக இல்லை, வேர்டு கோப்பாக. அவர் அதை வெட்டி ஒட்டித்தான் சட்ட வரைவாளருக்கு அனுப்பப் போகிறார்.