அம்மாவின் விசாவும் மேட்டூர் தண்ணீரும்

அம்மாவை ஜெர்மனியில் நான் இருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்குக் குறுகிய கால விசாவில் அழைத்து வர நான் முதலில் விண்ணப்பித்தது 2024 செப்டம்பரில். விசா மறுக்கப்பட்டது. கட்டணம் 90 யூரோ. அந்த ஜூனில்தான் 80-லிருந்து ஏற்றியிருந்தார்கள். மறுத்தாலும் அந்தப் பணம் திரும்ப வராது. பணத்தைவிட, திருக்காட்டுப்பள்ளியிலிருந்து சென்னை வரைக்கும் போய்க் கைரேகை கொடுத்துவிட்டு வந்த அம்மா, "நான் என்னடி தப்பு பண்ணினேன்?" என்று கேட்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நாற்றுப் பறித்துப் பறித்துத் தேய்ந்த விரல்கள். மெஷின் மூன்று முறை ஏற்கவில்லை. ஈரத்துணியில் துடைத்துத் துடைத்து வைத்தாளாம்.

மறுப்புக் கடிதத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. அதில் ஒன்றில் குறி போட்டிருந்தார்கள்: விசா முடிவதற்குள் ஊர் திரும்பும் எண்ணம் உறுதிப்படவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டாளே அம்மா! ஒன்றரை ஏக்கர் வயல், ஒரு பசு, அப்பாவின் குடும்ப ஓய்வூதியம், தெருவில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். ஆனால் நான் வைத்த காகிதங்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது புரிந்தது, இதில் ஒன்றுகூட அதில் இல்லை.

எல்லாம் என்னைப் பற்றித்தான் இருந்தது. என் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி வாங்கிய பொறுப்பேற்பு உறுதிமொழி. இங்கே அதை ஃபெர்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங் என்பார்கள். அம்மா இங்கே இருக்கும்வரை செலவெல்லாம் என்னுடையது என்று நான் கையெழுத்திடும் பத்திரம். "இது இருந்தா போதும்மா" என்று ஊரில் ஒரு ஏஜென்ட் சொன்னார், நம்பினேன். யார் செலவு செய்வார் என்ற கேள்விக்குத்தான் அது பதில். அம்மா ஏன் திரும்பிப் போவாள் என்ற கேள்விக்கு நான் பதிலே வைக்கவில்லை. போதாக்குறைக்கு அதே ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, பதினெட்டாயிரம் இருந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்னால் மூன்று லட்சம் போட்டிருந்தோம். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். திடீரென்று வந்த பணம் ஸ்டேட்மென்ட்டில் பளிச்சென்று தெரியும்.

அப்போது மேல்முறையீடு போல ஒரு வழி இருந்தது. 2025 ஜூலையிலிருந்து ஜெர்மனி அதை நிறுத்திவிட்டது. இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். நான் அப்போதே புதிய விண்ணப்பத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

இந்த முறை அம்மாவின் வாழ்க்கையைக் காகிதத்தில் கொண்டுவந்தோம். பட்டா, சிட்டா, வி.ஏ.ஓ. கொடுத்த அடங்கல், ஆறு மாத ஓய்வூதிய வரவு தெரியும் பாஸ்புக், எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. பெயர்ச் சிக்கல் தனிக்கதை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கிறது, வங்கியில் ஒற்றை இனிஷியல். நமக்கு அது சாதாரணம், இவர்களுக்கு இரண்டு ஆட்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்தோம். அப்புறம் ஒரு பக்கக் கடிதம்: சம்பா அறுப்பு முடிந்துதான் வருகிறார், ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள், அதற்குள் குறுவைக்கு வயலைத் தயார் செய்ய ஊரில் இருக்க வேண்டும். ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லாத விஷயம். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மேட்டூர் எங்கே தெரியப் போகிறது?

பதினோரு நாளில் விசா வந்தது. கைரேகை 59 மாதம் கணினியில் இருக்கும் என்பதால் அம்மா மறுபடி விரல் வைக்க வேண்டியிருக்கவில்லை.

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசா ஸ்டிக்கரைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். மார்ச் 5 முதல் ஜூன் 17 வரை செல்லும் என்று இருந்தது. "அப்ப ஜூன் 17 வரைக்கும் இருக்கலாமே" என்றார் சித்தப்பா. முடியாது. கீழே தங்கும் நாட்கள் 90 என்று தனியாக இருக்கும், அதுதான் கணக்கு. மிச்சம் 15 நாள் பயணத் தேதி முன்பின் ஆனால் சமாளிக்கத்தான். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். மார்ச் 5-ல் இறங்கினால் 90-ஆவது நாள் ஜூன் 2. எந்த 180 நாளை எடுத்தாலும் 90-ஐத் தாண்டக் கூடாது என்பதால், ஊருக்குப் போய்விட்டு உடனே திரும்பி வரவும் வழியில்லை. மே 29-க்கு டிக்கெட் போட்டேன்.

ஜூன் நடுவில் அம்மா வீடியோ காலில் வந்தாள். கல்லணையைத் திறந்துவிட்டார்களாம். வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு போனைத் திருப்பிக் காட்டினாள். தண்ணீர் இன்னும் வரவில்லை, வெறும் மண்தான் தெரிந்தது. "இரு, வரும்" என்றாள்.