இன்ஜின் ஓடாமலே காட்டிய அழுத்தம்

என் பிக்கப்பில் அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலில் எரிந்தபோது நான் கண்டுகொள்ளவில்லை. புகைக்குழாய்க்குள் புள்ளி புள்ளியாக ஏதோ அடைந்திருப்பது போன்ற படம். வண்டி வழக்கம்போல இழுத்தது, புகையும் இல்லை. நாலு நாளில் தானாக அணைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம், சுமையோடு ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது வண்டி துவண்டுவிட்டது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தும் மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் போகவில்லை. இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தது. இதைத்தான் லிம்ப் மோட் என்கிறார்கள். பெரிய சேதம் வராமல் இருக்க வண்டியே தன் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். பி2463 என்று ஒரு பிழைக் குறியீடு வந்தது. டிபிஎஃப் என்கிற புகை ஃபில்டரில் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

டிபிஎஃப் என்பது தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. டீசல் புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு தேவை. நீண்ட தூரம் சீராக ஓட்டினால் கொஞ்சம் கரி தானாகவே தீர்ந்துவிடும். இல்லாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைத் தெளித்துச் சூட்டை ஏற்றும். ரீஜென் என்பது இந்த வேலைதான். நடுவில் சாவியைத் திருப்பிவிட்டால் அது பாதியில் நின்றுபோகும்.

நான் செய்துகொண்டிருந்தது சரியாக அதைத்தான். என் ஓட்டமெல்லாம் நாலைந்து கிலோமீட்டர், அதிகம் போனால் பத்து. சில நாள் வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் உர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டி நிற்கும்போது ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அடியிலிருந்து காய்ந்த இரும்பு வாடை வரும். வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அதெல்லாம் ரீஜென் நடப்பதற்கான அடையாளம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கையேட்டில் இருந்தது, நான்தான் புரட்டவில்லை.

ஸ்கேனர் வழியாகவே கட்டாய ரீஜென் செய்தார்கள். வண்டியைத் திறந்த வெளியில், அடியில் காய்ந்த புல்லோ குப்பையோ இல்லாத தரையில் நிறுத்தி, முக்கால் மணி நேரம் இன்ஜினை உறுமவிட்டார்கள். பக்கத்தில் நிற்க முடியாத அனல். விளக்கு அணைந்தது, இழுவை திரும்பியது. வாரம் ஒரு முறையாவது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள் என்றார்கள். தவறாமல் செய்தேன்.

பன்னிரண்டாவது நாள் விளக்கு மறுபடி எரிந்தது.

இந்த முறை "ஃபில்டர் போயிருச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். வேறொருவர் உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு கம்ப்யூட்டரை ஏமாற்றிவிடலாம் என்று காதோரம் சொன்னார். பல நாடுகளில் சட்டப்படி அது குற்றம். அதைவிட, எனக்குப் பின்னால் வருகிறவர் மூக்கில் என் கரியை ஏற்ற மனம் வரவில்லை.

முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்த நாளில் தற்செயலாக இன்ஜின் ஆயில் பார்த்தேன். அளவுக் கம்பியில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை நின்றது. நான் ஊற்றாமல் ஆயில் எப்படிக் கூடும்? முகர்ந்தால் டீசல் வாடை. ரீஜென்னுக்காகத் தெளிக்கப்படும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடுகிறது. அடிக்கடி ரீஜென் நடந்தால், அதுவும் பாதியில் நின்றால், ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்குகள் தேயும். மஞ்சள் விளக்கைவிட இதுதான் என்னை பயமுறுத்தியது. ஃபில்டரை மாற்றிக்கொள்ளலாம், இன்ஜினை மாற்றுவது என்னால் ஆகிற காரியமா?

அப்புறம் போனது ஒரு வயதான மெக்கானிக்கிடம். அவர் ஃபில்டர் பக்கமே போகவில்லை. சாவியை ஆன் செய்தார், இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்கேனரில் அழுத்த வித்தியாசத்தை மட்டும் பார்த்தார். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து சொல்லும். அதை வைத்துத்தான் கரி எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். திரையில் முப்பது மில்லிபார் சொச்சம் நின்றது.

"தம்பி, இன்ஜினே ஓடல. அழுத்தம் எங்கேருந்து வருது?"

பூஜ்யம் காட்ட வேண்டிய இடம். சென்சார் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. பாதி நிறைந்ததை முழுதாக நிறைந்ததாக நம்பி, கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ரீஜென்னைக் கிளப்பியிருக்கிறது. சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களைக் கழற்றினார். ஒன்று வெந்து விறைத்து, உள்ளே ஈரக் கரி அப்பியிருந்தது.

சென்சாரும் குழாய்களும் புதிதாகப் போட்டார். புது சென்சார் வந்திருப்பதை ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டருக்கும் தெரிவித்தார். இதைச் செய்யாமல் விட்டால் பழைய கணக்கிலேயே ஓடுமாம். ஆயிலை முழுக்க வடித்தார். "இவ்வளவு நாளா என்ன ஆயில் ஊத்துனீங்க?" என்று கேட்டபோது நான் விழித்தேன். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அது சேர்ந்துகொண்டே போனால் ஃபில்டரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். என் ஃபில்டருக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை என்றார். கடைசியாக ஒரு ரீஜென், அவ்வளவுதான்.

ஏழு மாதம் ஆகிறது, விளக்கு எரியவில்லை. ஆயில் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கி வண்டியிலேயே செருகி வைத்திருக்கிறேன். ரீஜென் தொடங்கினால் போனில் தெரியும். போன வாரம் வீட்டு வாசலுக்கு வந்த நேரம் பார்த்துத் தொடங்கியது. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மனைவிக்குக் கையைக் காட்டிவிட்டு வண்டியைத் திருப்பினேன். இருபது நிமிடம் கழித்து வந்து காரணத்தைச் சொன்னேன். அவள் இன்னும் நம்பவில்லை.