திருப்பிக் கொடுக்காத கடன்

மகளுக்குக் கணக்கை வீட்டிலேயே சொல்லிக் கொடுப்பது என்று முடிவெடுத்த நாளிலிருந்து, வேறு எந்தப் பாடமும் தராத ஒரு கலக்கத்தை இந்த ஒரு பாடம் எனக்குத் தந்துகொண்டிருக்கிறது. மொழிப்பாடத்தில் நான் எதையாவது விட்டுவிட்டால் அவள் பின்னால் ஏதோ ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வாள். கணக்கில் அப்படி இல்லை. இடமதிப்பு பிடிபடவில்லை என்றால் கழித்தல் தடுமாறும், கழித்தல் தடுமாறினால் வகுத்தல் நகராது, இன்று நான் விட்ட ஓட்டை எந்த வகுப்பில் வந்து ஒழுகும் என்பதும் முன்கூட்டித் தெரியாது.

எனக்குக் கணக்கு வராது என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளியில் நல்ல மதிப்பெண்களே வாங்கினேன். ஆனால், விதியை மனப்பாடம் செய்து விடையைக் கொண்டுவந்தவள் நான்; அந்த விதி ஏன் சரியாகிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. எட்டு வயதில் இவள் கேட்டுவிட்டாள்.

503இலிருந்து 278ஐக் கழிக்க வேண்டிய கணக்கு அது. அவள் 375 என்று எழுதியிருந்தாள். 3இல் 8 போகாது என்பதால் 8இல் 3ஐக் கழித்து 5, பூஜ்யத்தில் 7 போகாது என்பதால் அந்த 7ஐ அப்படியே வைத்து, கடைசியில் 5இல் 2 போக 3. மேலே கீழே என்று பாராமல், எங்கும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருந்தாள். எனக்குச் சொல்லித் தந்தபடியே, "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்றேன். பக்கத்து வீட்டில் பூஜ்யம். "அதுகிட்டயே ஒண்ணும் இல்லையேம்மா" என்றாள். அதற்கும் அடுத்த வீட்டில் வாங்கச் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எப்பம்மா திருப்பிக் கொடுக்கணும்?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. கடன் என்ற சொல்லை இத்தனை ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன், அதைத் திருப்பிக் கொடுப்பதில்லையே என்று ஒருநாளும் உறுத்தியதில்லை. அன்று மாலை குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெரிய கட்டாகச் சேர்த்து, 503ஐத் தரையில் பரப்பியபோதுதான் எனக்கே விளங்கியது: யாரும் யாரிடமும் வாங்கவில்லை, நூறை உடைத்துச் சில்லறை மாற்றுகிறோம், அவ்வளவுதான். நான்கு நூறுகள், ஒன்பது பத்துகள், பதின்மூன்று ஒன்றுகள் என்று பிரிந்து கிடந்தாலும் அது அதே 503. அதிலிருந்து 278ஐ எடுத்தால் 225 மீதி.

மறுநாள் அவள் குச்சியையும் தொடவில்லை, என் முறையையும் தொடவில்லை. 278உடன் 2 சேர்த்தால் 280, இன்னும் 20 சேர்த்தால் 300, அங்கிருந்து 203 போனால் 503, ஆக 225 என்றாள். "ஒழுங்காக எழுதிப் போடு" என்ற சொற்கள் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. நான் அஞ்சுவது இந்த இடத்தைத்தான். எனக்குத் தெரியாதது ஒன்று இருப்பதைவிட, எனக்குத் தெரிந்த ஒரே வழிதான் வழி என்று அவளை நம்பவைத்துவிடுவேனோ என்பது பெரிய பயம். அவள் யோசிக்கும் அரை நிமிட மௌனத்தைக்கூட என்னால் தாங்க முடிவதில்லை. விடையின் முதல் எழுத்தை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

2015இல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை இந்தப் பயத்தைக் கூட்டியது. அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை ஒரு கல்வியாண்டு முழுவதும் கவனித்த ஆய்வு அது. கணக்கென்றால் பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது, அக்குழந்தைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றிருந்தனர், ஆண்டு முடிவில் அவர்களுக்கும் பதற்றம் கூடியிருந்தது. அதே பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தென்படவில்லை. வீட்டுப்பாடத்துக்கே இப்படியென்றால், முழுப்பாடமும் என் கையில் இருக்கும் வீட்டில் என்ன ஆகும் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. (அந்த ஆய்வு என்னைப் போன்றவர்களைப் பற்றியது அல்ல என்பது எனக்குத் தெரியும். இரவில் அந்தத் தெளிவு உதவுவதில்லை.)

அதன் பிறகு நான் செய்த ஒரே மாற்றம், "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்ற கேள்வியைச் சரியான விடைக்கும் கேட்பது. 8 + 4 = ☐ + 5 என்ற கட்டத்தில் அவள் 12 என்று எழுதியிருந்ததன் காரணம் அப்படித்தான் தெரியவந்தது: சமக்குறி என்றால் 'இனி விடையை எழுது' என்ற ஆணை என்று நினைத்திருக்கிறாள். அவள் பார்த்த கணக்கெல்லாம் அப்படித்தானே இருந்தன? 1557இல் இராபர்ட் ரெக்கார்டு என்ற கணிதவியலாளர் இக்குறியை அச்சில் கொண்டுவந்தபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றுதான் காரணம் சொன்னார். இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து, "5 வந்து 4ஐ விட ஒண்ணு கூட, அப்ப இது 8ஐ விட ஒண்ணு கம்மி" என்று 7 எழுதினாள். நானாக இருந்தால் 12இலிருந்து 5ஐக் கழித்திருப்பேன்.

அடுத்து பின்னங்கள் வருகின்றன. பின்னத்தால் வகுக்க வேண்டுமானால் தலைகீழாக்கிப் பெருக்கு என்பதுதான் எனக்குத் தெரியும். மூன்றை அரையால் வகுத்தால் ஆறு, ஏனென்றால் மூன்றில் ஆறு அரைகள் இருக்கின்றன என்பதுவரை நேற்று வந்துவிட்டேன். முக்காலை மூன்றில் இரண்டால் வகுத்தால் எட்டில் ஒன்பது எப்படி வருகிறது என்பதைப் படமாக வரைந்து பார்த்ததில் மூன்று தாள்கள் தீர்ந்தன, இன்னும் வரவில்லை. அவள் கேட்க இன்னும் இரண்டு வாரங்களாவது இருக்கும்.