ஸ்டடி ஸ்கில்ஸ் கோர்ஸை தனியா எடுக்காதீங்க, கூட ஒரு ஜியாலஜி லேப் சேத்துக்கோங்க

கலிஃபோர்னியா வந்து செட்டிலான நம்ம ஆளுங்க, அதுலயும் ஹெச்-4 விசால (ஹெச்-1பி வேலை விசால வந்தவங்களோட குடும்பத்துக்குத் தர்றது) இருக்கறவங்க, திரும்ப படிக்கலாமா, கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷப் படிப்பு நடத்தற அரசு காலேஜ்) என்ன எடுக்கலாம்னு அடிக்கடி கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதி வெச்சிடறேன். முதல் செமஸ்டர்ல காலேஜ் சக்ஸஸ், ஸ்டடி ஸ்கில்ஸ்னு ஒவ்வொரு காலேஜ்லயும் ஒவ்வொரு பேர்ல ஒரு கோர்ஸ் இருக்கும், அதைக் கண்டிப்பா எடுங்க, ஆனா அதை மட்டும் எடுத்துட்டு நிறுத்திடாதீங்க. கூடவே லேபோட, பாறை, மினரல் பத்தின ஒரு ஜியாலஜியோ, நிலத்தோட அமைப்பு பத்தின பிசிக்கல் ஜியாகிராஃபியோ எடுங்க. நான் அப்படித்தான் எடுத்தேன், அதுதான் சரியான வழின்னு இப்பவும் அடிச்சு சொல்வேன்.

ஏன் தனியா எடுக்கக் கூடாதுன்னா, படிக்கறது எப்படின்னு சொல்லித் தர்ற கிளாஸுக்கு படிக்கறதுக்குன்னு ஒரு விஷயம் வேணும். கார்னெல் நோட்ஸ்னு ஒரு முறை சொல்லித் தருவாங்க, கார்னெல் யூனிவர்சிட்டில வால்டர் பாக்னு ஒருத்தர் கொண்டு வந்தது, பக்கத்தோட வலது பக்கம் அகலமா நோட்ஸ், இடது பக்கம் குறுகலா கேள்விகள், கீழ ரெண்டு மூணு வரில சாராம்சம். கேக்கும்போது இதுல என்ன பெருசா இருக்குன்னுதான் தோணும். அதே வாரம் ஜியாலஜில மினரல்ஸ் சாப்டர் வந்துச்சு பாருங்க, அப்பதான் அது எதுக்குன்னு புரிஞ்சுது. வலது பக்கத்தை மூடிக்கிட்டு, கால்சைட்டுக்கும் குவார்ட்ஸுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பேன்னு என்னையே நான் கேட்டுக்கிட்டு பதில் சொல்லிப் பாக்க ஆரம்பிச்சப்ப, திரும்பத் திரும்ப வாசிக்கறதை விட இது எவ்வளவு ஆழமா மனசுல நிக்குதுன்னு தெரிஞ்சுது.

ரெண்டுமே வெள்ளையா, கண்ணாடி மாதிரி இருக்கும், பாத்தா ஏமாந்துருவோம். ஆனா கடினத்தை 1லேருந்து 10 வரைக்கும் அளக்கற மோஸ் ஸ்கேல்ல குவார்ட்ஸ் 7, கண்ணாடித் துண்டு சுமார் 5.5, அதனால குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும். கால்சைட் வெறும் 3, அதால கீற முடியாது, அதுவும் போக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டா நுரைச்சுக்கிட்டு பொங்கும். ஹெமடைட்டை எடுத்துக்கோங்க, சில துண்டு கறுப்பா, சில துண்டு வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கும், ஆனா ஸ்ட்ரீக் பிளேட்னு சொல்ற வழவழப்பில்லாத பீங்கான் வில்லைல தேச்சா எப்பவும் செங்காவி நிறத்துல கோடு விழும். இது எதுக்கும் மனப்பாடம் உதவாது. கைல எடுக்கணும், தேய்க்கணும், கீறணும், எழுதி வெக்கணும். ரொம்ப வருஷம் படிப்பை விட்டுட்டு வர்றவங்களுக்கு இதை விட நல்ல அறிவியல் கிளாஸ் இருக்க முடியாதுன்னு நான் நம்பறேன், ஏன்னா ஆதாரம் உங்க உள்ளங்கைலயே இருக்கு. என் லேப் டேபிள்ல அப்பதான் ஹைஸ்கூல் முடிச்ச ஒரு பையன், நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா வர்ற ஒரு அம்மா, நான். மூணு பேரும் ஒரே கல்லை வெச்சுக்கிட்டு விவாதம் பண்ணோம், யாருக்கு ஏற்கனவே எவ்வளவு தெரியும்ங்கறது அங்க பெரிய விஷயமாவே இல்ல.

இதே யோசனைதான் இந்த மாநிலத்தோட சட்டத்துலயும் இருக்கு. முன்னாடி இங்க பிளேஸ்மென்ட் டெஸ்ட் வெச்சு, மார்க் கம்மியா வந்தா இங்கிலீஷ்லயும் மேத்ஸ்லயும் டிகிரிக்கு சேராத அடிப்படை கிளாஸ்கள்ல வரிசையா போடுவாங்க, அந்த வரிசைலயே பாதிப் பேர் களைச்சுப் போய் விட்டுட்டுப் போயிடுவாங்க. 2017ல கையெழுத்தான ஏபி 705 சட்டம் அதை மாத்துச்சு. ஹைஸ்கூல் மார்க்கை வெச்சு முடிவு பண்ணு, நேரா டிரான்ஸ்ஃபர் லெவல் கிளாஸ்ல, அதாவது யூனிவர்சிட்டி டிகிரிக்குக் கணக்காகற கிளாஸ்ல, சேரு, உதவி வேணும்னா அது கூடவே நடக்கட்டும்னு. தயாராகிட்டு வான்னு வாசல்ல நிறுத்தாம, உள்ள விட்டு அங்கயே தயார் பண்றது. எனக்கு இது ரொம்ப நியாயமா படுது.

சரி, நேரக் கணக்கு. இது ரொம்ப முக்கியம், யாரும் முன்னாடியே சொல்றதில்ல. இங்க ஒவ்வொரு கோர்ஸையும் யூனிட் கணக்குலதான் அளப்பாங்க. லெக்சர் ஒரு யூனிட்னா வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிளாஸ், ரெண்டு மணி நேரம் வீட்டுல படிப்பு. லேப்ல மூணு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். அப்ப நாலு யூனிட் ஜியாலஜின்னா (மூணு யூனிட் லெக்சர், ஒரு யூனிட் லேப்) கிளாஸும் லேபும் சேந்து ஆறு மணி நேரம், வீட்டுல இன்னொரு ஆறு, மொத்தம் வாரத்துக்கு 12 மணி நேரம். காலண்டர்ல அந்த 12 மணி நேரத்தை முதல்ல அடைச்சு வெச்சுட்டு அப்புறம் சேருங்க. ஃபீஸ் பொறுத்தவரைக்கும் கலிஃபோர்னியா ரெசிடென்ட்னா யூனிட்டுக்கு 46 டாலர், நாலு யூனிட்டுக்கு 184, அது போக ஹெல்த் ஃபீ மாதிரி சின்னச் சின்னது வரும். ரெசிடென்ட்னு ஏத்துக்கலன்னா பல மடங்கு ஆகும், அதனால உங்க விசா விவரத்தை அட்மிஷன்ஸ் ஆபீஸ்ல காட்டி தெளிவா கேட்டுக்கோங்க. ஒத்து வரலன்னா ஆரம்ப வாரங்கள்லயே விட்டுடுங்க, தேதி காலேஜ் காலண்டர்ல இருக்கும், அதைத் தாண்டினா டிரான்ஸ்கிரிப்ட்ல (மார்க் பதிவுல) டபிள்யூன்னு, அதாவது பாதில விட்டுட்டாங்கன்னு, விழும்.

இப்ப ஜியாகிராஃபி. யுஎஸ்ஜிஎஸ்னு அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வு நிறுவனம் போடற டோப்போ மேப் (நில மேடு பள்ளம் காட்டற மேப்) ஒண்ணைக் கைல குடுப்பாங்க, 1:24,000 ஸ்கேல், அதாவது மேப்ல ஒரு இன்ச் தரைல 2,000 அடி. ஒரே உயரத்துல இருக்கற இடங்களை இணைக்கற கான்டூர் கோடு நெருக்கமா இருந்தா செங்குத்து, அகலமா இருந்தா சமவெளி, ஓடையைத் தாண்டும்போது கோடு வி மாதிரி வளையும், அந்த வி-யோட முனை எப்பவும் தண்ணி வர்ற மேல் திசையைக் காட்டும். இது ஒரு தடவை கண்ணுக்குப் பிடிபட்டுட்டா தட்டையான காகிதத்துல மலை எழுந்து நிக்கும்!

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்க டொமாலஸ் பேன்னு ஒரு இடம் இருக்கு, மேப்ல பாருங்க, ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி நீளமா, குறுகலா, நேரா கடல் உள்ள வந்திருக்கும். இயற்கைல இவ்வளவு நேரா ஏன்னு ஜியாகிராஃபி கிளாஸ்ல கேள்வி எழும், பதில் ஜியாலஜி கிளாஸ்ல கிடைக்கும். அது சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட், அதாவது பூமியோட மேல்ஓட்டுல ரெண்டு பெரிய பிளேட் (தட்டு) உரசிக்கற பிளவு, போற வழி. அந்தப் பக்கம், கடலோரமா, பாயின்ட் ரேய்ஸ்ங்கற தீபகற்பம் பசிபிக் பிளேட்ல உக்காந்திருக்கு, இந்தப் பக்கம் நாம நார்த் அமெரிக்கன் பிளேட்ல. அங்க அடில இருக்கற கிரானைட் தெற்க ரொம்ப தூரத்துல உருவாகி, பிளேட்டோட கொஞ்சம் கொஞ்சமா வடமேற்கா நகர்ந்து வந்தது. 1906 பூகம்பத்துல ஒரு வேலி ரெண்டா அறுந்து சுமார் 16 அடி தள்ளிப் போயிருந்துச்சு, அதை அங்க எர்த்குவேக் டிரெயில்ல காட்டி வெச்சிருக்காங்க, குழந்தைங்களோட நடக்கக் கூடிய சின்ன பாதைதான், அவசியம் போய்ட்டு வாங்க.

யூனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகற எண்ணம் இருந்தா, பிசிக்கல் ஜியாகிராஃபியும் ஜியாலஜியும் பிசிக்கல் சயின்ஸ் பக்கம் கணக்காகும், கல்ச்சுரல் ஜியாகிராஃபி சோஷியல் சயின்ஸ் பக்கம் போகும். உங்க காலேஜ் கோர்ஸ் யூனிவர்சிட்டில எதுக்கு சமம்னு அசிஸ்ட் (ASSIST) வெப்சைட்ல பாத்துட்டு கவுன்சிலர்கிட்ட எஜுகேஷன் பிளான் போட்டு வாங்கிக்கோங்க, அதுக்கு தனியா காசு கிடையாது. ஐடி பக்கம் போற யோசனை இருக்கறவங்க ஜியாகிராஃபி டிபார்ட்மென்ட்ல ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் தகவல்களை அலசறது) கோர்ஸ் இருக்கான்னும் பாருங்க, அதுக்கான கியூஜிஐஎஸ் சாஃப்ட்வேர் இலவசம், வீட்டு லேப்டாப்லயே போட்டுப் பழகலாம்.

பிசிக்கல் ஜியாகிராஃபிக்கு நிறைய இடத்துல லேப் தனி நம்பர்ல தனி ரெஜிஸ்ட்ரேஷனா இருக்கும், லெக்சரை மட்டும் போட்டுட்டு லேப்பை விட்டுடாதீங்க, லேப் சீட்டுதான் முதல்ல தீரும். ஃபீல்ட் ட்ரிப் பெரும்பாலும் வீக்கெண்ட்ல, முழு நாள் போகும், சிலபஸ் கைக்கு வந்த அன்னைக்கே தேதியைப் பாத்து வீட்டுல சொல்லி வெச்சிருங்க.